வேலையை வெட்டியது யார், திட்டு வாங்குவது யார்? அமெரிக்க அரசு ஆட்குறைப்பும் டவுன்ஹால் கோபமும்

2025 பிப்ரவரி 20 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் நகரில் டவுன்ஹால் என்கிற தொகுதிக் கூட்டத்தில் மக்களைச் சந்திக்க வந்தார் குடியரசுக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் ரிச் மெக்கார்மிக். சில மாதங்களுக்கு முன்புதான் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். பக்கத்து அட்லான்டாவில் இருக்கும் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் ஆட்களை ஏன் நீக்குகிறீர்கள் என்று கேட்டார்கள். அங்கே நடக்கும் வேலைகளில் பலவற்றைச் செயற்கை நுண்ணறிவும் செய்கிறது என்கிற பொருளில் அவர் ஏதோ சொல்ல, அரங்கமே கூச்சலிட்டது. அடுத்த சில வாரங்களில் ஆரிகன், கான்சஸ், வட கரோலைனா, வயோமிங், நெப்ராஸ்கா என்று மாநிலம் மாநிலமாக இதே காட்சி.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. மெக்கார்மிக் ஒருவரைக்கூட வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. நீக்கியது அதிபரின் நிர்வாகம். அப்புறம் ஏன் மக்கள் இவரைப் பிடித்துத் திட்டுகிறார்கள்? ஆள் மாறிவிட்டதா? இல்லை என்பதுதான் என் கருத்து. காரணம் புரிய, அமெரிக்க அரசில் யாருக்கு என்ன வேலை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யாருக்கு என்ன அதிகாரம்?

1. காங்கிரஸ். கட்சிப் பெயர் இல்லை, அமெரிக்க நாடாளுமன்றம். பிரதிநிதிகள் சபையில் 435 பேர், செனட்டில் 100 பேர். அரசுப் பணத்தில் ஒரு டாலர் செலவாக வேண்டுமென்றாலும் இவர்கள் சட்டம் போட்டு ஒதுக்க வேண்டும். எந்தத் துறை இருக்க வேண்டும், அது என்ன செய்ய வேண்டும் என்பதையும் இவர்கள்தான் சட்டமாக்குகிறார்கள்.

2. அதிபர். ஒதுக்கிய பணத்தைக் கொண்டு துறைகளை நடத்துபவர். பெரும்பாலான துறைகளில் எத்தனை பேரை வைத்துக்கொள்வது என்று சட்டம் எண்ணிக்கை சொல்வதில்லை. ஆள் எடுப்பதும் அனுப்புவதும் நிர்வாகத்தின் கையில்.

3. ஓ.பி.எம். என்கிற பணியாளர் மேலாண்மை அலுவலகம். 1978 சட்டத்தால் வந்தது. ஊழியர் விதிகளைக் கவனிக்கும் அலுவலகம் இது. மற்ற துறைகளுக்கு முதலாளி கிடையாது. இந்த நுணுக்கம் பின்னால் நீதிமன்றத்தில் பெரிய விஷயமானது.

4. டோஜ் என்கிற அரசுத் திறன் துறை. செலவையும் ஆட்களையும் வெட்டுவதற்காக 2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே டிரம்ப் ஓர் ஆணையால் உருவாக்கியது. 2014-ல் ஒபாமா காலத்தில் தொடங்கிய டிஜிட்டல் சேவைப் பிரிவுக்குப் பெயரை மாற்றி இதை அமைத்தார்கள். எலான் மஸ்க் இதன் முகமாக இருந்தார். காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கிய துறை இல்லை இது.

இந்தியாவில் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சபையில் பெரும்பான்மை போனால் அரசே போய்விடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. தன் கட்சிக்காரர் நடத்தும் நிர்வாகமாக இருந்தாலும் காங்கிரஸ் உறுப்பினர் அதற்கு வெளியே நிற்பவர். “நான் செய்யவில்லை” என்று அவர் சொன்னால் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும்.

மூன்று வழிகளில் விழுந்த வெட்டு

முதல் வழி, தானாகப் போகச் சொல்வது. ஜனவரி 28 அன்று ஓ.பி.எம். அரசு ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. இப்போதே ராஜினாமா செய்தால் செப்டம்பர் 30 வரை சம்பளம் உண்டு, வேலைக்கு வர வேண்டியதில்லை என்பது சாரம். பிப்ரவரி நடுவில் முதல் சுற்று முடிந்தபோது சுமார் 75,000 பேர் சம்மதித்திருந்தார்கள். பிறகு வந்த சுற்றுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது.

இரண்டாவது வழிதான் ஊரைக் கொதிக்க வைத்தது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்களை மொத்தமாக நீக்கினார்கள். வேலையில் சேர்ந்து ஓராண்டு முடியாதவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில் வருவார்கள். சில பணிகளுக்கு இரண்டாண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் இல்லை. பல வருட அனுபவத்தோடு பதவி உயர்வு பெற்றோ துறை மாறியோ வந்தவர்களும் அதில் சிக்கலாம். இவர்களுக்கு மேல்முறையீட்டு உரிமை குறைவு, அதனால் நீக்குவது சுலபம். பிப்ரவரி நடுவில் தொடங்கி 24,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். வருமான வரி வசூலிக்கும் ஐ.ஆர்.எஸ்., காட்டுத் துறை, தேசியப் பூங்காக்கள், முன்னாள் படைவீரர் துறை எல்லாவற்றிலும் கை வைத்தார்கள்.

வந்த கடிதத்தில் காரணமாகச் சொன்னது செயல்திறன். அதற்குச் சில நாட்கள் முன்புவரை நல்ல மதிப்பீடு வாங்கியவர்களுக்கும் அதே வாசகம். மார்ச் 13 அன்று சான் பிரான்சிஸ்கோ கூட்டாட்சி நீதிபதி வில்லியம் ஆல்சப் இதைப் பொய் என்றே நீதிமன்றத்தில் சொன்னார். ஆறு துறைகளில் நீக்கியவர்களைத் திரும்ப எடுக்க உத்தரவிட்டார். ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. நீக்கியது சரியா தவறா என்பதற்குள் போகாமல், வழக்குப் போட்ட தொண்டு அமைப்புகளுக்கு அந்தத் தகுதி இல்லை என்பதுதான் காரணம். செப்டம்பரில் ஆல்சப், ஓ.பி.எம். மற்ற துறைகளுக்குக் கட்டளையிட்டதே சட்டவிரோதம் என்று இறுதியாகத் தீர்ப்பளித்தார். ஆனால் அதற்குள் காலம் போய்விட்டது என்று, மீண்டும் வேலை கொடுக்கச் சொல்லவில்லை. ஜெயித்த வழக்கில் வேலை கிடைக்கவில்லை.

மூன்றாவது, முறையான ஆட்குறைப்பு. இதற்கு விதிகள் உண்டு: பணிக்காலம், படையில் பணியாற்றியவருக்கான முன்னுரிமை, மதிப்பீடு எல்லாம் பார்க்க வேண்டும், வழக்கமாக 60 நாள் முன்னறிவிப்பும் தர வேண்டும். சுகாதாரத் துறை மார்ச் இறுதியில் 10,000 பேருக்கு இதை அறிவித்தது. தானாகப் போகிறவர்களையும் சேர்த்து 82,000 பேர் இருந்த துறையை 62,000 ஆக்குவது திட்டம். ஜூலை 8-ல், பல துறைகளின் ஆட்குறைப்புக்குக் கீழ் நீதிமன்றம் போட்ட தடையையும் உச்ச நீதிமன்றம் விலக்கியது.

ஆண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 24 லட்சம் பேர் இருந்த, தபால் துறை சேராத கூட்டாட்சிப் பணியாளர் படை, ஆண்டு முடிவில் 21 லட்சம் அளவுக்கு வரும் என்று ஓ.பி.எம். இயக்குநர் ஸ்காட் குபோர் ஆகஸ்டில் சொன்னார்.

இதில் எவ்வளவு மிச்சம்?

அமெரிக்க அரசு வரவுக்கு மீறிச் செலவழிக்கிறது என்பது உண்மை. 2025 நிதியாண்டுப் பற்றாக்குறை சுமார் 1.8 லட்சம் கோடி டாலர். குறைக்க வேண்டும் என்று வாக்களித்தவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகக் கணக்குப்படி 2022-ல் படைவீரர் அல்லாத அரசு ஊழியர்களின் சம்பளம், சலுகை எல்லாம் சேர்ந்து 27,100 கோடி டாலர். அந்த ஆண்டின் மொத்தச் செலவு 6 லட்சம் கோடி டாலருக்கு மேல். நூற்றுக்கு நான்கு சொச்சம். அந்த நான்கிலும் பாதிக்கு மேல் பாதுகாப்பு, முன்னாள் படைவீரர், உள்நாட்டுப் பாதுகாப்பு ஆகிய மூன்று துறைகளில் போகிறது.

பெரும்பகுதி ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, ராணுவம், கடனுக்கு வட்டி. ஆக, ஊழியர்கள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பினாலும் பற்றாக்குறையில் கால்பங்குகூட நிரம்பாது. மஸ்க் தேர்தல் சமயத்தில் 2 லட்சம் கோடி என்றார், பிறகு 1 லட்சம் கோடி என்றார், ஏப்ரலில் 15,000 கோடி டாலர் என்று இறங்கினார். அரசின் மொத்தச் செலவோ 2025 நிதியாண்டில் முந்தைய ஆண்டைவிடக் கூடியது.

எங்கே வலித்தது

கூட்டாட்சி ஊழியர் என்றால் வாஷிங்டனில் கோப்பு புரட்டுபவர் என்றுதான் வெளியே நினைப்பு. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தலைநகர் வட்டாரத்துக்கு வெளியேதான் வேலை பார்க்கிறார்கள். பத்தில் மூன்று பேர் முன்னாள் படைவீரர்கள். குடியரசுக் கட்சியின் கோட்டையான சிற்றூர்களில் பூங்கா, காட்டுத் துறை அலுவலகம், படைவீரர் மருத்துவமனை ஆகியவைதான் நிலையான சம்பளம் தரும் இடங்கள். மார்ச் 1 அன்று மேற்குக் கான்சஸில் ஓக்லி என்கிற சின்ன ஊரில் செனட்டர் ரோஜர் மார்ஷல் கூட்டம் நடத்தினார். தான் ஜனநாயகக் கட்சிக்காரர் இல்லை என்று சொல்லிக்கொண்டு எழுந்த ஒருவர், படைவீரர்கள் வேலை இழப்பதைப் பற்றிக் கேட்டார். கைதட்டல் எழுந்தது. மார்ஷல் கூட்டத்தை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சேவைப் பக்கம் இரண்டு உதாரணம் போதும்.

சோஷியல் செக்யூரிட்டி என்கிற ஓய்வூதிய, ஊனமுற்றோர் உதவித் திட்டத்தில் 7 கோடிக்கும் மேற்பட்டோர் மாதந்தோறும் பணம் பெறுகிறார்கள். அதை நடத்தும் அலுவலகம் தன் ஊழியர்களை 57,000-லிருந்து 50,000 ஆகக் குறைப்பதாகப் பிப்ரவரி இறுதியில் அறிவித்தது. மூன்று வாரம் கழித்து இன்னொன்று சொன்னது: இனி பல காரியங்களுக்குத் தொலைபேசியில் அடையாளம் சொன்னால் போதாது, இணையத்தில் செய்யுங்கள், முடியாவிட்டால் நேரில் வாருங்கள். ஆளைக் குறைத்துவிட்டு, அதே வாரங்களில் கவுண்டருக்குக் கூட்டத்தையும் வரச் சொன்னார்கள். கிராமப்புறத்தில் அலுவலகம் பல மைல் தள்ளி இருக்கும். 80 வயதுக்காரரால் கார் ஓட்டிப் போக முடியுமா? எதிர்ப்பு வந்தது, தேதி தள்ளிப்போனது, கடைசியில் பெரும்பகுதியைக் கைவிட்டார்கள். உதவித்தொகையில் ஒரு டாலர் குறையவில்லை. ஆனால் பணம் வருவது நின்றால் யாரிடம் கேட்பது என்ற பயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. டவுன்ஹால்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி இதுதான்.

இன்னொன்று வானிலை. தேசிய வானிலைச் சேவை வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு முறை பலூன் பறக்கவிடும். மேலே உள்ள வெப்பம், ஈரம், காற்று எல்லாம் அதில் தெரியும், முன்னறிவிப்புக் கணினிகளுக்கு அது முக்கியமான தீனி. பிப்ரவரி இறுதியில் அலாஸ்காவின் காட்ஸிபியூ நிலையத்தில் ஆள் இல்லாததால் பலூன் நின்றது. மார்ச்சில் நெப்ராஸ்காவின் ஓமஹாவிலும் தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டியிலும் நிறுத்தினார்கள். இரண்டும் சூறாவளியும் ஆலங்கட்டியும் வரும் சமவெளி ஊர்கள். பிறகு நூற்றுக்கணக்கான இடங்களை மீண்டும் நிரப்ப அனுமதி தர வேண்டியதாயிற்று.

எல்லாரும் அடுத்தவரைக் காட்டினார்கள்

இனிதான் கோபத்தின் மையத்துக்கு வருகிறோம். நீக்கியது யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு திசையைக் காட்டினார்கள்.

1. ஓ.பி.எம். நீதிமன்றத்தில் சொன்னது: நாங்கள் வழிகாட்டினோம், முடிவு துறைகளுடையது.
2. மார்ச் முதல் வாரத்தில் குடியரசுக் கட்சி உறுப்பினர்களைச் சந்தித்த மஸ்க் சொன்னது: ஆள் நீக்கத்துக்கு நான் பொறுப்பில்லை, அது துறைகள் செய்வது.
3. மார்ச் 6-ல் டிரம்ப் சொன்னது: ஆட்களை முடிவு செய்வது துறைச் செயலர்கள், கோடரியால் வெட்ட வேண்டாம், கத்தியால் வெட்டுங்கள். வெட்டு தொடங்கி மூன்று வாரம் ஆன பிறகு இது.
4. காங்கிரஸ் உறுப்பினர்கள் தொகுதியில் சொன்னது: நிர்வாகத்தின் முடிவு, நான் கேட்டுச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில் மஸ்க் செனட்டர்களுக்குத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார், தொகுதியில் பிரச்சினை என்றால் கூப்பிடலாம் என்று. கஜானாவின் சாவியை அரசியல் சாசனம் யாரிடம் கொடுத்ததோ அவர்களுக்கு, தேர்தலில் நிற்காத ஒருவரின் நம்பர் சலுகையாகக் கிடைத்தது. ஓக்லஹோமாவின் டாம் கோல், பிரதிநிதிகள் சபையின் ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர். அரசுப் பணம் எல்லாம் அவர் மேசை வழியாகத்தான் போகிறது. டோஜ் ரத்து செய்ய இருந்த கட்டடக் குத்தகைப் பட்டியலில் அவர் மாநிலத்தின் நார்மன் வானிலை மையமும் லாட்டன் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகமும் இருந்தன. பேசி அவற்றைக் காப்பாற்றிவிட்டதாக மார்ச்சில் அவர் அறிவித்தார். தன் ஊருக்கு நல்லதுதான் செய்தார், குறை சொல்ல முடியாது. ஆனால் குழுத் தலைவரே கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது என்றால், சின்ன உறுப்பினர் என்ன செய்வார்?

காங்கிரஸ் உறுப்பினர்கள் தப்பிக்க முடியாத இன்னொரு காரணமும் இருக்கிறது, வெளிநாட்டு வாசகர்களுக்கு அதிகம் தெரியாதது. ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி அலுவலகத்திலும் குறை கேட்கும் பணியாளர்கள் உண்டு. ஓய்வூதியம் நின்றுவிட்டது, பாஸ்போர்ட் வரவில்லை, வரி திரும்பக் கிடைக்கவில்லை என்று வருபவரிடம் முதலில் ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 1974 தனியுரிமைச் சட்டப்படி அது இல்லாமல் துறைகள் விவரம் சொல்லாது. பிறகு துறையைத் தொடர்புகொண்டு விசாரிப்பார்கள். துறையில் பதில் சொல்ல ஆள் குறைந்தால் முதலில் தேங்குவது இந்தப் படிவங்கள்தான். வாக்காளருக்கு அரசின் முகம் என்றால் இந்த அலுவலகம். டோஜுக்குத் தொகுதியில் அலுவலகம் கிடையாது.

தடுக்க முடிந்திருக்குமா?

முடிந்திருக்கும். ஆட்குறைப்பை முறையாகச் செய்யவும் வழி இருந்தது. 1993-ல் கிளின்டன் ஆட்சி துணை அதிபர் ஆல் கோர் தலைமையில் அரசைச் சிக்கனமாக்கத் தொடங்கியபோது, காங்கிரஸிடம் போனார்கள். 1994 மார்ச்சில் வந்த சட்டம், விருப்ப ஓய்வு பெறுபவருக்கு 25,000 டாலர் வரை தர அனுமதித்தது. அரசில் மொத்தம் எத்தனை இடங்கள் இருக்கலாம் என்பதற்கும் உச்சவரம்பு எழுதியது. 2000-க்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் குறைந்தன. பனிப்போர் முடிந்து ராணுவத் துறை சுருங்கியதும் அதில் சேர்த்தி. வலி இருந்தது, ஆனால் வாக்களித்தவர்களின் பெயர் பதிவேட்டில் இருந்தது.

1974-ல் நிக்சன் காலத்துச் சண்டைக்குப் பின் வந்த சட்டமும் உண்டு: காங்கிரஸ் ஒதுக்கியதை அதிபர் தன் இஷ்டத்துக்கு நிறுத்திவைக்கக் கூடாது, வேண்டாம் என்றால் காங்கிரஸிடம் கேட்க வேண்டும். நிர்வாகம் இதை ஒருமுறை முறைப்படி பயன்படுத்தி, 2025 ஜூலையில் 900 கோடி டாலரை ரத்து செய்ய ஒப்புதல் வாங்கியது. வெளிநாட்டு உதவியும் பொது ஒலிபரப்பும் அதில் போயின.

உண்மையான வாய்ப்பு வந்தது 2025 மார்ச்சில். அரசு நடக்கப் புதிய நிதிச் சட்டம் தேவைப்பட்டது. ‘இந்தப் பணத்தில் ஆட்குறைப்பு செய்யக் கூடாது’ என்று அதில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி அழுத்தம் கொடுக்கலாம். செனட்டில் மசோதாவை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரவே 60 பேர் வேண்டும். குடியரசுக் கட்சியிடம் 53 பேர்தான். மார்ச் 14-ல் செனட்டில் ஜனநாயகக் கட்சித் தலைவரான சக் ஷூமர் உட்பட ஜனநாயகக் கட்சித் தரப்பில் பத்துப் பேர் வழிவிட்டார்கள். அரசு முடங்கினால் டோஜுக்கு இன்னும் வசதியாகிவிடும் என்பது ஷூமரின் வாதம். மசோதா எந்தத் தடை வரியும் இல்லாமல் 54-46 என்று நிறைவேறியது. அந்த வாரத்திலிருந்து ஜனநாயகக் கட்சிக்காரர்களின் கூட்டங்களிலும் கூச்சல் தொடங்கியது.

குடியரசுக் கட்சிப் பக்கம் மௌனத்துக்குக் காரணம் எளிது. 435 தொகுதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கட்சிக்கு எழுதி வைத்தவை. அங்கே பயப்பட வேண்டியது நவம்பர் தேர்தலுக்கு அல்ல, கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தலுக்கு. அதிபர் எதிர்த்தால் அதில் தோற்கலாம்; டவுன்ஹாலில் கத்துபவர் எதிர்த்தால் ஓர் இரவுத் தூக்கம்தான் போகும். மார்ச் 4 அன்று கட்சியின் பிரச்சாரக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஹட்சன், நேரடிக் கூட்டங்களைத் தவிர்த்துத் தொலைபேசி வழியாக நடத்தச் சொன்னார். கத்துபவர்கள் கூலிக்கு வந்தவர்கள் என்றார் சபாநாயகர் மைக் ஜான்சன். அமைப்புகள் ஆள் திரட்டியதும் உண்மைதான். ஓக்லியில் எழுந்து நின்றவரை அந்தக் கணக்கில் சேர்ப்பது கஷ்டம். பல தொகுதிகளில் மக்கள் காலி நாற்காலியை வைத்துத் தாங்களே கூட்டம் நடத்தினார்கள்.

நவம்பரில் எழுதிய ஒரு வரி

அக்டோபர் 1-ல் பணம் தீர்ந்து அரசு முடங்கியது. பத்தாம் தேதி நிர்வாகம் சுமார் 4,000 பேருக்கு ஆட்குறைப்பு நோட்டீஸ் அனுப்பத் தொடங்கியது. 43 நாள் நீடித்த முடக்கம் நவம்பர் 12-ல் முடிந்தது. செனட்டில் ஜனநாயகக் கட்சித் தரப்பிலிருந்து வழிவிட்ட எட்டுப் பேர் கேட்டு வாங்கியவற்றில் ஒன்று: முடக்கக் காலத்தில் அனுப்பிய ஆட்குறைப்பு நோட்டீஸ்கள் செல்லாது, 2026 ஜனவரி 30 வரை புதிதாக ஆட்குறைப்புக்குப் பணம் செலவழிக்கவும் கூடாது. அதே அதிபர்தான் அதில் கையெழுத்திட்டார்.

அதாவது காங்கிரஸால் நிறுத்த முடியும். பணச் சட்டத்தில் ஒரு பத்தி எழுதினால் போதும். பிப்ரவரியில் வேலை இழந்த ஆயிரக்கணக்கானோருக்கு இந்தப் பத்தி பொருந்தாது. அக்டோபர் 1-க்குப் பிறகு நோட்டீஸ் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். அதற்கும் காலக்கெடு உண்டு. நிதிச் சட்டத்தில் இப்படி வரும் தடைகளுக்குக் குறித்த தேதி வரைதான் உயிர். அது தீர்ந்தால் அடுத்த சட்டத்தில் மறுபடி எழுத வேண்டும், மறுபடி 60 பேர் சேர வேண்டும். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் 2026 நவம்பர் 3 தேர்தல் நாள்.